நாற்காலியும் பாய்லரடியும்

ரோட்டர்டாம்,
ஐப்பசி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் கண்ணாடியைத் தேடிக்கொண்டே பாதியில் விட்டுவிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் காகிதம். திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், அம்மாவும் கேட்கட்டும். தம்பி அந்தப் பக்கம் வந்தால் நிறுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "உனக்குக் கீழே எத்தனை பேர்?" என்பது ஒன்று. "தம்பி சொல்வதை நம் அரிசி மில்லில் ஒருத்தனும் காதில் வாங்கமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது தோன்றியது.

ஒன்பது பேர். ஆற்றின் நீர்மட்டம் எப்போது எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் எங்கள் வேலை. "எனக்குக் கீழே" என்று இங்கே சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்பதில் நான்கு பேர் என்னைவிட மூத்தவர்கள், எல்லாரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டச்சு மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' உண்டு. ஆனால் எங்கள் டைரக்டருக்கே 'நீ'தான். மதியம் அவரும் எங்களோடு உட்கார்ந்து ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்கிறார். (அந்தச் சாப்பாட்டுக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். சூடாக ஒரு கவளம் கிடையாது.)

பொறுப்பு கொடுத்த முதல் மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களை மாதிரி நடந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாத வேலைக்கு நானே திட்டம் போட்டு, யார் யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதி, திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மதியம் கூட்டத்தில், ஓய்வுபெற நான்கு வருஷமே இருக்கும் பெரியவர் ஒருவர், "இது நடக்காது" என்றார். குரலை உயர்த்தவில்லை, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "முடிவு எடுத்தாகிவிட்டது" என்றேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆறு வாரம் கழித்து, அவர் கை காட்டிய அதே இடத்தில் வேலை சிக்கி நின்றது. சில பழைய நீர்மட்ட அளவுகள் வேறு ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவை. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அப்புறம் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாதி வெறும் பேச்சு. ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்று 1959இல் பிரெஞ்ச், ரேவன் என்று இரண்டு உளவியலாளர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பதவி, கொடுக்கும் கை, தண்டிக்கும் கை, தொழில் தெரிந்த அறிவு, ஆள்மேல் உள்ள மதிப்பு. தகவல் கையில் இருப்பதையும் ரேவன் பிறகு சேர்த்துக்கொண்டார். எனக்கு நம் மில்தான் கண்ணில் நின்றது. கல்லாவும் உங்களிடம், "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லும் வாயும் உங்களிடம். எந்த வியாபாரி எத்தனை நாள் கடன் இழுப்பான் என்று நோட்டைத் திறக்காமலே கணக்குப்பிள்ளை சொல்வார். மிச்சமெல்லாம் பாய்லரடியில், உமிச் சாம்பல் படிந்த துண்டோடு உட்கார்ந்திருக்கிறது.

சின்ன வயதில் பாய்லர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். நெல் அவிய அவிய வாசனை மாறும் என்பார். ஒரு பிடி அள்ளி, உமி லேசாக வாய் பிளந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மணியைப் பல்லில் கடித்துவிட்டு, "போதும், ஆவியை நிறுத்து" என்பார். முந்தினால் அரிசிக்கு நடுவில் வெள்ளை தங்கி, அரைவையில் நொய்யாகும். பிந்தினால் நிறம் கறுத்துவிடும். புது நெல்லுக்கு ஒரு பக்குவம், இருப்பு நெல்லுக்கு வேறு. புரட்டாசியில் தம்பி டைமர் மாட்டினான். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டினான். அந்த ஈடு முழுக்க நொய்யாய்ப் போனது என்று நீங்களே சொன்னீர்கள். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? "சின்ன முதலாளி சொன்னபடி செய்தேன்" என்று நின்றுவிட்டார். எங்கள் ஆபீஸ் பெரியவராவது ஒருமுறை வாயைத் திறந்தார். நம் ஆளுக்கு அந்த ஒருமுறையும் கிடையாது.

புத்தி ஒன்றல்ல, ஏழு வகை என்று ஹோவர்டு கார்ட்னர் என்ற பேராசிரியர் 1983இல் எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடல், அடுத்தவர் மனம் அறிவது என்று போகும். சோதனையில் நிற்கவில்லை என்று உளவியலாளர்கள் பலர் அதை ஒப்புவதில்லை. அந்த வழக்கு நமக்கு எதற்கு? தம்பி எம்பிஏவில் வாங்கிய மதிப்பெண்ணும் பாய்லர்க்காரர் மூக்கும் ஒரே தராசில் நிற்காது. லோடுமேன்களுக்குள் கைகலப்பு வந்தால் கணக்குப்பிள்ளை முதலில் எல்லாருக்கும் டீ சொல்வாரே, அதற்கு எந்தக் காலேஜில் பரீட்சை?

இந்த நாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் என்பவர், மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் உள்ள இடைவெளியை நாடு நாடாக எண்ணில் போட்டிருக்கிறார். இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. இங்கே ஏன் குறைவு என்று கேட்டால் தண்ணீரைக் காரணம் சொல்கிறார்கள். இதுவும் டெல்டாதான் அப்பா, ரைன் நதியும் மாஸ் நதியும் கடலில் சேரும் இடம். நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ள 13ஆம் நூற்றாண்டிலிருந்தே தனி வாரியங்கள். இன்றைக்கு 21 இருக்கின்றன, அவற்றுக்குத் தனித் தேர்தலும் உண்டு. குடியுரிமை இல்லாத நானும் 2023 மார்ச்சில் ஓட்டுப் போட்டேன். ஒருவன் கரையை மட்டும் உயர்த்தினால் அடுத்தவன் வயல் மூழ்கும், அதனால் பேசியே தீர வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டதாம்.

கேட்க இனிக்கிறது, நான் முழுக்க நம்பவில்லை. நம் பக்கமும் அதே தண்ணீர்தானே? தலைமடைக்காரன் கை வைத்தால் கடைமடை காயும் என்று தெரிந்து, முறை வைத்துப் பாய்ச்சிய சீமைதான் நம்முடையது. அங்கேதான் வெண்மணியும் நடந்தது. 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட இடத்தில் 44 உயிர் குடிசைக்குள் வெந்தது. அப்போது உங்களுக்குப் பத்து வயது. தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அதே தஞ்சைச் சீமையில் 1981இல் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் உழுபவருக்கு நிலம் கிடைக்க லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசிப் பேசி நிலத்தை வாங்கி, நிலமில்லாத பெண்களுக்குக் கிடைக்கச் செய்தார்கள். அவர்களிடம் பதவியும் இல்லை, தண்டிக்கும் கையும் இல்லை.

இங்கே டைரக்டர் காது கொடுத்துக் கேட்பதும் அவர் மகான் என்பதால் இல்லை. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் ஊழியர் குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பெரிய முடிவென்றால் அந்தக் குழுவிடம் முதலில் கருத்துக் கேட்க வேண்டும். போன வருஷம் ஆபீஸை வேறு இடத்துக்கு மாற்றும் பேச்சு நான்கு மாதம் இழுத்தது. எனக்கே அலுத்துப்போனது. நீங்களாக இருந்தால் நான்கு நாளில் லாரி வைத்து மாற்றியிருப்பீர்கள்.

இப்போது நான் திட்டத்தை யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால், ஒரு காப்பியோடு அந்தப் பெரியவர் மேஜைக்குப் போய்விடுகிறேன். சிவப்புப் பேனாவில் கிறுக்கித் தருவார். பாதியை ஏற்றுக்கொள்வேன், பாதிக்கு வாதாடுவேன்.

தம்பி ஒரு மாதம் பாய்லரடியில் உட்காரட்டும். டைமரைக் கழற்ற வேண்டாம், எந்த நெல்லுக்கு எத்தனை நிமிஷம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவரை 'நீங்கள்' என்று கூப்பிடட்டும். அறுபது வயது மனுஷனை நாம் எல்லாருமே 'நீ' என்றுதான் பேசியிருக்கிறோம், நான் உள்பட. முதல் நாள் அவர் நெளிவார், தம்பியும் நெளிவான். பொங்கலுக்குள் அவர் சம்பளத்தையும் பாருங்கள். இதைப் போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் இதிலேயே எழுதிவிட்டேன்.

சித்தப்பா வயலில் தண்ணீர் வடிந்ததா? வடிகாலில் ஆகாயத்தாமரை அப்படியே கிடப்பதாகத் தம்பி படம் அனுப்பியிருந்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், வடாம் இன்னும் இரண்டு பிடி மிச்சம் இருக்கிறது.

அன்பு மகள்