பத்து மாத முன்பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் பெண் குழந்தையை நடுவில் கிடத்திவிட்டு, இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோர் காப்பகம் ஒன்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. மாநகராட்சிக் காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால், அங்கிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது யார்? பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறோம். கணவர் எங்கே என்றும் கேட்கிறோம். மனம் பதறுகிறது.

எங்கள் தெருப் பெண்கள் சீட்டுப் பணத்தில் ஒரு தாய்க்கு முன்பணம் கட்டினோம். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று அவர் மகளை ஒரு பள்ளி திருப்பி அனுப்பியது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதை எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த தாய்க்கு வீடு தேடுகிறோம். வீட்டு உரிமையாளர்கள் மனம் இரங்க வேண்டும்.

ஒரு வாசகி,
சூளை, சென்னை