புரிசைப் பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். நாடக மன்றப் பிள்ளைகள் வரும் சனிக்கிழமை திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டத்திலுள்ள புரிசைக்குப் போகிறார்கள். பஸ் பகல் 1 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்பும். அங்கே தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். ஞாயிறு காலைதான் திரும்புவோம்.

"என் மகளுக்கு என்ன வேஷம்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு வேஷமும் இல்லை! வேஷம் கட்டும் கொட்டகைக்குள் உட்கார்ந்து கைவேலை பழகத்தான் இந்தப் பயணம். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கலியாண முருங்கை மரத்தில் செய்வார்கள். கனம் குறைவு, செதுக்கவும் எளிது. அவற்றில் உதிர்ந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டுவது, முகத்தில் பூசும் அரிதாரம் குழைப்பது, ஆடுபவருக்குக் கட்டை அவிழாதபடி கயிறு இறுக்குவது எல்லாம் நேரில் பார்த்துச் செய்யலாம்.

வேஷக்காரர் நுழையும்போது இருவர் திரை பிடிப்பார்கள். அதையும் பழக வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் நம் பையன் ஒருவன் வேடிக்கை பார்த்தபடி திரையின் ஒரு முனையை விட்டுவிட, துரியோதனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தது சபைக்கே தெரிந்துவிட்டது.

பழைய பருத்தி உடையே போதும், சாயக்கறை போகாது. முகத்தில் பூசிப் பார்க்கும் ஆசையுள்ளவர்கள் சிறு குப்பியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவரட்டும். வெறும் தண்ணீருக்கு அரிதாரம் அசையாது. போர்வை, தண்ணீர் பாட்டில் அவசியம். செல்போன் வேண்டாம், ஆசிரியர்கள் மூவரிடமும் இருக்கும்.

ஒப்புதல் கடிதமும் 350 ரூபாயும் வியாழக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். இரவு மருந்து சாப்பிடும் பிள்ளைகள் இருந்தால் குழுவில் எழுதாமல் எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.