நிறுத்தச் சொன்னவனுக்கும் அடுத்த கப்பல் வேண்டும்

கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் சென்னை நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டைக்காரன். ஓ.எஸ். என்கிற கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து, 19 வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடி, போசனாக, அதாவது டெக் ஆட்களின் தலைவனாகக் கரை சேர்ந்தவன். இனி உங்களிடம் வேலை கேட்டு வரமாட்டேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

கப்பலில் சேரக் கையெழுத்துப் போடும் சைன் ஆன் சமயத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகிறீர்கள். ஆபத்து என்று தோன்றினால் பயிற்சிக்கு வந்த கேடட்கூட வேலையை நிறுத்தலாம் என்று அதில் இருக்கிறது. நல்ல அட்டைதான். என் சட்டைப் பையிலும் இருந்தது.

ஒரு நாள் பாலாஸ்ட் டேங்கில், அதாவது கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டியில், இறங்கச் சொன்னார்கள். மூடிக் கிடக்கும் டேங்கில் துருப்பிடிக்கும் இரும்பே ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, மூச்சு முட்டாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவான். அவனைத் தூக்கப் பதறி இறங்குகிறவனும் பக்கத்திலேயே விழுவான். அன்று இறங்குவதற்கான பர்மிட்டில் கையெழுத்து இருந்தது, ஆனால் காற்றைச் சோதிக்கும் மீட்டரில் பேட்டரி இல்லை. "இறங்கமாட்டேன் சார், யாரையும் இறங்கவும் விடமாட்டேன்" என்றேன். பேட்டரி தேடி, சோதித்து முடிக்க இரண்டு மணி நேரம் போனது. மீட்டர் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று காட்டியது. சுத்தமான காற்று.

டெக்கில் எங்கள் மேலதிகாரியான சீஃப் மேட் திட்டவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். வீடு திரும்பியபின் 11 மாதம் எனக்கு அழைப்பு வரவில்லை. கேட்டபோதெல்லாம் "இடம் காலியில்லை" என்றார்கள். அந்த 11 மாதமும் என் மனைவியின் நகை அடகுக் கடையில் கிடந்தது.

1987-ல் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற, பயணிகளையும் வண்டிகளையும் ஏற்றும் கப்பல் முன்கதவு திறந்தபடியே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் ஒரு விளக்கு வையுங்கள் என்று அந்த நிறுவனத்தின் கேப்டன்களே முன்பே கேட்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் ஐ.எஸ்.எம். என்கிற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகள் வந்தன, 1998-ல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிப்படி கரையில் ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். அவருடைய எண் நாங்கள் சாப்பிடும் மெஸ் ரூமில் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்கு ஓர் ஓ.எஸ். போன் போட்டு நான் பார்த்ததே இல்லை. கடன் வாங்கிப் பயிற்சி முடித்த ராயபுரத்துப் பையனுக்கு அடுத்த காண்ட்ராக்ட்தான் எல்லாம், அவன் எப்படிப் பேசுவான்?

என் அப்பா காசிமேட்டிலிருந்து தொழிலுக்குப் போனவர். கடல் சரியில்லை, திரும்பலாம் என்று படகில் சின்னப் பையன் சொன்னாலும் காது கொடுப்பார்கள். திரும்பி வந்தபின் ஒன்றும் நடக்காவிட்டால்கூட, மறுநாள் அவன் பங்கை யாரும் வெட்டமாட்டார்கள்.

நான் கேட்பதும் அதுதான். புகார் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா 2015-லேயே அதை ஏற்றுவிட்டது. ஆனால் கூப்பிடாமல் விடுவது பழிவாங்கலாக எந்தத் தாளிலும் பதிவாகாது. அதனால் காண்ட்ராக்டிலேயே ஒரு வரி சேருங்கள்: வேலையை நிறுத்தியவர், நிறுத்தியது தேவையில்லாததாகவே தெரிந்தாலும், அந்தக் காரணத்துக்காக அடுத்த கப்பலை இழக்கமாட்டார். வேலையை நிறுத்திய ஒருவருக்கு அடுத்த அழைப்பு போகவில்லையா, காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், அந்த வரியைப் பையனுக்கு மட்டும் காட்டாதீர்கள். சீஃப் மேட்டும், கேப்டனான மாஸ்டரும் படித்துக் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் போசன், தண்டையார்பேட்டை