நேர் ரேகை என்று சொல்லி அனுப்பிய ஆஷ் பலகைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர், இறக்குமதி மர விற்பனைப் பிரிவு.

பொருள்: நான்கு ஆஷ் (ash) மரப் பலகைகள் – மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருவது.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் வாங்கிய நான்கு பலகைகளில் ஒன்று, வில்லாகி முடியும் முன்பே உடைந்துவிட்டது. இரண்டு முறை போன் செய்தேன். "மரம் இயற்கைப் பொருள் சார், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றார்கள். சரி, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஃபவுண்டரியில் 27 வருடம் மரப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மொட்டை மாடியில் வில் செய்கிறேன். மரம் முன்னே பின்னே இருக்கும் என்று தெரிந்ததால்தான் ஆர்டரிலேயே எழுதினேன்: ஆறடி நீளம், கணு கூடாது, ரேகை (மர நார் ஓடும் திசை) முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். 'பொறுக்கி எடுத்த தரம்' என்று பலகைக்கு 600 ரூபாய் கூடுதலாக பில் போட்டீர்கள்.

பலகையின் மேல்முகத்தில் ரேகை நேராகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் திருப்பினால் கதை வேறு. ஆஷ் மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் பெரிய துளைகள் ஒரு வரிசை இருக்கும். நெடுக அறுத்தால் அவை மெல்லிய கீறல்களாகத் தெரியும். உங்கள் பலகையில் அந்தக் கீறல்கள் ஒன்றரை அங்குலக் கனத்தை 15 அங்குல நீளத்துக்குள் கடந்து வெளியேறிவிடுகின்றன. ஒரு சொட்டு பேனா மை விட்டேன். மையும் அதே சாய்வில்தான் பரவியது.

மேஜைக் காலுக்கு இது போதும். வில்லுக்கு ஆகாது. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு (எய்பவருக்கு எதிர்ப்புறம்) இழுபடும், வயிற்றுப் பக்கம் (எய்பவரைப் பார்க்கும் புறம்) நசுங்கும். முதுகில் நார் அறாமல் ஓடினால்தான் அந்த இழுப்பைத் தாங்கும். நடுவில் வெளியேறினால் அந்த இடத்தில் சிலும்பு கிளம்பிவிடும். அதுதான் நடந்தது. வயிற்றைச் சுரண்டிச் சுரண்டி வில்லின் இரண்டு கையும் (பிடிக்கு இருபுறமும் உள்ள பாதிகள்) ஒரே மாதிரி வளைகிறதா என்று ஒன்பது நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். 28 அங்குலம் இழுக்க வேண்டியது, 17லேயே முறிந்தது. முதல் பலகையைத் திருப்பிப் பார்க்காமல் பில்லை நம்பி அறுத்தது என் தப்பு. பேட்டர்ன் கடையில் பழகும் பையன் இப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன். மற்ற மூன்றையும் அப்புறம்தான் திருப்பினேன். அவையும் இதே லட்சணம்.

இன்னொன்று. பில்லில் ஈரம் 10 சதவீதம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்த அன்றே மீட்டர் 16 காட்டியது. எங்கள் கடல் காற்றின் மேல் பழி போட முடியாது, உறை பிரிக்காமல்தானே இருந்தது? முறிவுக்கு ஈரம் காரணம் என்று சொல்லவில்லை. ஈர மரம் உடைவதைவிட வளைந்தபடியே நின்றுவிடும். ஆஷ் மரத்தின் வயிற்றுப்பக்கம் அதற்கு ஏற்கெனவே பேர் போனது. அதனால்தான் கைகளை அகலமாக, தட்டையாக வைக்கிறோம்.

அறுக்காத மூன்று பலகைகளையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு நான்குக்கும் மாற்று அனுப்புங்கள். வளையங்கள் மிக நெருக்கமாக வேண்டாம். துளைப்பகுதி கூடி மரம் பலமிழந்துவிடும். அனுப்பும் முன் ஒவ்வொரு பலகையின் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். பொருத்தமான சரக்கு இல்லையென்றால் 15 நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். முறிந்த துண்டைத் தூக்கிப் போடவில்லை. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்