உன் விடைத்தாள் உன்னுடையதாகவே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

இணையவழியில் நடந்த சிறுதேர்வில் உன் வகுப்பினர் பலர் குழுவில் விடைகளைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றும், அதில் சேராத உனக்கு அவர்களைவிட மதிப்பெண் குறைந்துவிட்டது என்றும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். "ஒழுங்காகப் படித்து எழுதுகிறவர்களுக்குத்தான் நஷ்டமா, அப்பா?" என்று நீ கேட்டது ஓரிரு வாக்கியங்களில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல என்பதால், பருவத் தேர்வுக்கு முன் இதை எழுதுகிறேன்.

உனக்கு நேர்ந்தது அநியாயம்தான். அதை நான் மறுக்கமாட்டேன். காப்பி அடிப்பதால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்பார்கள். வகுப்பின் சராசரியை வைத்துத் தரம் போடும் பாடங்களில், ஒருவர் பார்த்து எழுதி உயரும்போது நேர்மையாக எழுதிய இன்னொருவர் கீழே தள்ளப்படுகிறார். அத்துடன், வகுப்பு முழுவதும் புரிந்துகொண்டுவிட்டது என்று நம்பும் ஆசிரியர், மீண்டும் ஒருமுறை விளக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

ஆனாலும் பெரிய இழப்பு பார்த்து எழுதியவர்களுக்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் சிலரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், சிலரை அதே பகுதியைப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கவும் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே மிகுதியாக நினைவிருந்தது. விடை உடனே வராமல் நாம் தேடித் தவிக்கிற அந்தச் சில நிமிடங்களிலேயே பாடம் மனத்தில் பதிகிறது என்றால், பக்கத்துத் தாளைப் பார்க்கிறவர் அந்த நிமிடங்களைத்தான் இழக்கிறார். தனக்கு எது தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியாமலே போகிறது. உன் குறைந்த மதிப்பெண்ணோ, எந்த அதிகாரத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பதை உனக்குச் சரியாகச் சொல்லிவிட்டது.

எனக்குள்ள கவலை வேறு. நீ பிட் எடுத்துச் செல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நெருங்கிய தோழி ஒருத்தி, "தாளைக் கொஞ்சம் நகர்த்தி வை, இல்லையென்றால் நான் தேறமாட்டேன்" என்று கெஞ்சினால் என்ன செய்வாய்? பேராசை பிடித்துத் தவறுகிறவர்களைவிட, இரக்கத்தாலும் நட்பாலும் தவறுகிறவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். காட்டுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே குற்றத்துக்கு உள்ளாகிறார்கள் என்பதைப் பெரும்பாலான கல்லூரிகளின் விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. முற்பகலில் தேர்வெழுதிய பிரிவினரிடமிருந்து வினாக்களைக் கேட்டறிந்து, பிற்பகலில் எழுதுகிறவர்களுக்குச் சொல்வதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தேர்வறையில் மறுப்பது கடினம். ஆகவே இப்போதே அவளிடம், "அங்கே நான் எதுவும் காட்டமாட்டேன், அதற்கு முன் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்" என்று சொல்லிவிடு. சொன்னபடி சொல்லியும் கொடு. உண்மையான உதவி அதுதான். அதற்காக உன் படிப்பு நேரம் சிறிது குறைந்தாலும் எனக்குச் சம்மதமே.

விடைகளைப் பகிர்ந்தவர்களைப் பற்றிப் புகார் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், மாணவர்களின் முயற்சியால் 1893-இல் நேர்மை உறுதிமொழி முறை வந்தது. கண்காணிப்பாளர் இல்லாமலே தேர்வெழுதும் உரிமையைப் பெற்ற மாணவர்கள், விதியை மீறுகிறவரைக் கண்டால் தெரிவிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். உன் கல்லூரியில் அப்படி ஒரு கடமை விதிக்கப்பட்டிருந்தால் அதன்படி நட. இல்லையென்றால், யாருடைய பெயரையும் சொல்லாமல், இந்த முறையில் நடத்தும் தேர்வில் விடைகள் எளிதாகக் கைமாறுகின்றன என்பதை மட்டும் ஆசிரியரிடம் தெரிவிப்பதே போதும் என்பது என் கருத்து. ஆளுக்கு ஆள் வினாக்களின் வரிசையை மாற்றுவதோ, நேரில் எழுதவைப்பதோ அவர் கையில் இருக்கிறது.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளில், புத்தகத்தைப் பார்க்கலாமா, நண்பர்களுடன் விவாதிக்கலாமா, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்தலாமா என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபடும். ஓர் ஆசிரியர் அனுமதித்ததை இன்னொருவரும் அனுமதிப்பார் என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்.

தேர்வுக்கு முந்தைய இரவில், எதுவும் படித்து முடியவில்லையே என்ற பயம் வரும்போதுதான் மனம் குறுக்குவழியைத் தேடும். அப்போது உனக்குத் தெரிந்த அளவுக்கு எழுது, தெரியாத வினாவை வெறுமையாக விடு. உடல்நலம் சரியில்லை என்றால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லி வேறு நாள் கேள். ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு எழுதலாம். அதற்குரிய கட்டணத்தை மனக்குறையின்றிக் கட்டுவேன், உன் அம்மாவும் அதையே சொல்கிறாள். மதிப்பெண் எதுவானாலும் அதை எங்களிடம் சொல்ல நீ தயங்கும் நிலை வரக்கூடாது என்பதில் நாங்கள் இருவரும் கவனமாக இருப்போம்.

அந்தச் சிறுதேர்வில் உனக்கு வராத கணக்குகளை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஆசிரியரைப் போய்ப் பார். அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா