கட்டிலைக் கொடுத்தவர்

அன்புத் தோழிக்கு,

ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இடுப்பெலும்பு முறிந்த பின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். மற்றவர்கள் நலம். நீ ஒன்பது ஆண்டுகள் நடத்திய மாலைப் பள்ளியின் கல்வெட்டில் வேறொருவர் பெயரைப் பொறித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பேனாவை எடுக்காமலே இருந்துவிட்டேன். கல்லூரி மலரில் கவிதைக்குக் கீழே பெயர் விடுபட்டதற்கே மூன்று நாள் யாரோடும் பேசாதிருந்தவள் நீ!

இரவுகளில் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து புனித ழான் ஜுகான் என்ற கத்தோலிக்கத் துறவுச் சகோதரியின் வாழ்க்கையைப் படித்தேன். 1792இல் பிரான்சின் கான்கால் என்ற மீனவர் ஊரில் பிறந்தவர். தகப்பனைக் கடல் கொண்டுபோயிற்று. சமையலறையிலும் மருத்துவமனையிலும் கூலிக்கு உழைத்தவர். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சேன் செர்வானில், பார்வையிழந்து கைகால் விளங்காமல் கிடந்த ஆன் ஷோவென் என்ற மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, தம் கட்டிலில் கிடத்திவிட்டு, தாம் பரணில் படுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அம்மா இரு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாரம் முழுவதையும் என்மேல் சாய்க்கிறார். அந்த இரண்டடிக்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற துறவுச் சபை ழானின் அந்த ஒரு கட்டிலிலிருந்துதான் தொடங்கியது. ழான் கூடையோடு வீடு வீடாக இரந்து முதியோரைக் காத்தார். ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, "இது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள்" என்றாராம்.

அதற்குப் பின் நடந்ததை எண்ணித்தான் என் மனம் ஆறவில்லை. 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வாரத்தில் லெ பையர் என்ற கத்தோலிக்கக் குரு அந்தத் தேர்தலைத் தள்ளிவிட்டு, வயதில் மிக இளையவரான மரி ழாமேயைத் தலைவியாக்கினார். 1845இல் பிரெஞ்சு அகாதமி நற்செயலுக்கான மோந்தியோன் பரிசை ழானுக்குத்தான் கொடுத்தது. ஆனாலும் 1852இல் அவரைத் தலைமை இல்லத்துக்குள் அழைத்து, வெளித்தொடர்பை அறுத்துவிட்டார்கள். 1879இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. லெ பையர் தம்மையே நிறுவனர் என்று சொல்லிக்கொள்ள, தங்களோடு செபித்த அந்த முதியவர் யாரென்று, துறவுப் பயிற்சிக்கு வந்த நவகன்னியருக்குத் தெரியவே இல்லை! விசாரணைக்குப் பின் 1890இல் உரோமைத் திருச்சபைத் தலைமை லெ பையரைப் பதவியிலிருந்து நீக்கியது. 2009இல் ழானுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

"என் வேலையை என்னிடமிருந்து திருடிக்கொண்டீர்கள், ஆனாலும் மனமுவந்து தருகிறேன்" என்று அவர் லெ பையரிடம் சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன். அந்த மனத்தை வணங்குகிறேன். ஆனால் அதை எடுத்துக்காட்டி உன்னை வாயை மூடியிரு என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அவர் தாமாக விட்டுக்கொடுத்தார். உன்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. முதல் ஆண்டின் வருகைப் பதிவேடு இன்னும் உன் அலமாரியில்தானே இருக்கிறது? பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து இருக்கும். அதை எவருக்கும் இரவல் கொடுத்துவிடாதே. மே மாதம் வரும்போது எடுத்துக்கொண்டு வா. அம்மாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உன் தோழி