செட்டிநாட்டிலும் மிதிவண்டிப் பயணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கெய்ரோவிலிருந்து கேப்டவுன் வரை ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரை நான்கு மாதங்களில் கடக்கும் குழு மிதிவண்டிப் பயணம் 2003இல் தொடங்கியது. விடியலில் கூடாரத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிட்டு, பல நாட்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, நடுவழியில் பசியாறி, பொழுது சாய்வதற்குள் அடுத்த முகாமை அடைகிறார்கள். வட கென்யாவின் மார்சபிட் பகுதியில் தார்ச்சாலை வருமுன், எரிமலைக் கற்கள்மீது உருட்டிய நாட்கள் எத்தனை கடுமையானவை! ஆயினும் கிராமங்களை நின்று நிதானமாகக் காணும் பேறு அவர்களுக்கே வாய்க்கிறது.

செட்டிநாட்டுக்கு வருபவர்களோ கானாடுகாத்தான் அரண்மனையையும் ஆத்தங்குடியின் தரை ஓட்டுப் (டைல்ஸ்) பட்டறைகளையும் காரில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இடையிலுள்ள ஊருணிகளும் கண்மாய்களும் கண்ணில் படுவதேயில்லை. மார்கழி, தை மாதங்களில் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி வழியே இத்தகைய பயணத்தைச் சுற்றுலாத் துறை நடத்த வேண்டும். அதற்கு முன் சாலையோரங்களைச் செப்பனிடவும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி